நெருக்கி வேய்ந்த கூரை

இரங்கூன், லான்மடாவ்
ரக்தாட்சி வருஷம், ஐப்பசி 7ஆம் தேதி

சௌபாக்கியவதி மகள் நீலாம்பாளுக்கு அப்பா நல்லையா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. முருகன் கிருபையில் நானும் உன் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளை வடிவேலும் குழந்தையும் சுகமென்று கேட்கக் காத்திருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை, மருந்தெண்ணெய் வாங்கிக் கொடுத்தால் அது நாறுகிறதென்று எனக்கே திருப்பிக் கொடுக்கிறாள்.

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. பதில் போடாததற்கு வேலை காரணமில்லை, எனக்குக் கோபம். ஆடி வெள்ளத்தில் கொள்ளிடம் வீட்டைக் கொண்டுபோய்விட்டது, மேட்டில் கொட்டகை போட்டு இருக்கிறோம், கூரை ஒழுகுகிறது, இந்தக் கோலத்தில் பேத்தியைப் பார்க்க வரவேண்டாம், சுவர் எழுப்பின பிறகு எழுதுகிறேன் என்று எழுதியிருந்தாய். வாசித்துக் காட்டினதும் உன் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள், அன்றைக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிடவும் மறந்துவிட்டாள். ஐந்து மாதக் குழந்தையைப் பார்க்க எங்களுக்குச் சுவர் எதற்கம்மா? மாப்பிள்ளை குழந்தையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு, நீ அவர் துண்டைப் பிடித்துக்கொண்டு மூன்று பேரும் கரையேறினீர்களே, அதற்கு நான் எத்தனை கும்பிடு போட்டாலும் தீராது. போனது மண்சுவர்தானே.

இதற்கு நடுவில் இங்கே ஒன்று நடந்தது. யூதர் கோயில் பக்கம் எசக்கியேல் என்று தேயிலை வியாபாரி ஒருவர், அவரும் யூதர்தான். வருஷா வருஷம் புரட்டாசி ஐப்பசியில் அவர்களுக்கு ஒரு பண்டிகை. காரை வீட்டை விட்டு முற்றத்தில் மூங்கில் கொட்டகை போட்டு ஏழு நாள் அதிலேதான் சாப்பாடு. வழக்கமாகப் போட்டுக்கொடுக்கும் கருப்பையா மோல்மேனுக்குப் போய்விட்டதால் இந்த வருஷம் என்னைக் கூப்பிட்டார். மழை இன்னும் விடவில்லையே என்று நானாக யோசித்து, கீற்றை இரண்டு அடுக்காக நெருக்கி வேய்ந்து, மேலே ஒரு குடம் தண்ணீரும் ஊற்றி, சொட்டு விழவில்லை பாருங்கள் என்று காட்டினேன். மனிதர் தலையில் கைவைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து பார்த்தால் வானம் தெரியவேண்டுமாம், நட்சத்திரம் தெரியவேண்டுமாம், பொழுது சாய்ந்துவிட்டால் பண்டிகை தொடங்கிவிடுமாம், பிறகு வேலை செய்யக்கூடாதாம். முப்பது வருஷமாகக் கூரை வேய்கிறேன், ஒழுகுகிற கூரை கேட்டவர் எவருமில்லை. முணுமுணுத்துக்கொண்டே ஏறிப் பிரித்தேன். அவரும் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கீழே நின்று கீற்றை வாங்கினார்.

பொழுதுக்குள் முடித்து இறங்கினதும் இது என்ன வழக்கமென்று கேட்டேன். அவர்கள் முன்னோர் எகிப்து தேசத்தில் அடிமைப்பட்டுக் கிடந்து, விடுபட்டு, நாற்பது வருஷம் பாலைவனத்தில் கொட்டகையிலேயே குடியிருந்தார்களாம். சுவரா காத்தது, ஆண்டவனுடைய நிழல்தான் காத்தது, அறுவடை முடிந்து வயிறு நிறைந்திருக்கும்போது அது மறந்துவிடும், அதனால்தான் வருஷத்துக்கு ஒருமுறை இலைக்குக் கீழே வந்து உட்காருகிறோம் என்றார். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்காரக்கூடாதாம், சந்தோஷமாக இருக்கவேண்டுமென்றே கட்டளையாம். தனியாகச் சாப்பிடுவதும் சிலாக்கியமில்லையாம், விருந்தாளியைக் கூப்பிட வேண்டுமாம். சொன்னவர் என்னையே கையைப் பிடித்து உட்காரவைத்தார், அந்த வீட்டு அம்மா பேரீச்சம்பழமும் தேநீரும் கொண்டுவந்து வைத்தார்கள். அன்று பௌர்ணமி, பர்மாக்காரர் வீடெல்லாம் அவர்கள் பண்டிகை விளக்கு. நான் பிரித்த இடுக்கு வழியாக நிலா வெளிச்சம் என் தட்டில் விழுந்தது. என் கோபம் போன இடம் தெரியவில்லை, உன் நினைவுதான் வந்தது.

ஏழு நாள் கொட்டகையில் இருக்கிறவரும் நீயும் ஒன்றில்லை, அது எனக்குத் தெரியும். மழை வலுத்தால் அவர் வீட்டுக்குள் போய்விடலாம், அவர்கள் சாஸ்திரமே விடுகிறதாம், உனக்குப் போக இடமில்லை. ஆனால் கொட்டகை போட்டதும் அவர் ஆளைக் கூப்பிடுகிறார், நீ வரவேண்டாம் என்கிறாய். இதை வந்து சொன்னதும் உன் அம்மா, யாரோ ஒருவர் உங்களைக் கூப்பிட்டாரே, பெற்ற மகளுக்கு வாய் வரவில்லையே என்று அழுதாள். அழுது முடித்துப் பெட்டியை இறக்கித் துடைத்தாள்.

ஆகவே நீ கூப்பிடாமலே வருகிறோம். கார்த்திகை மூன்றாம் தேதி நாகப்பட்டினம் கப்பல். பாய் தலையணைக்கென்று அக்கம்பக்கத்தில் அலையாதே, கொண்டுவருகிறோம். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்தால் வெயில் ஏறின பிறகு குளிப்பாட்டு. தென்னங்கீற்று ஊறப்போட்டு முடைந்து வைக்கும்படி மாப்பிள்ளையிடம் சொல், மறந்துவிடாதே, கயிறு என் பொறுப்பு. எசக்கியேல் வீட்டில் நெருக்கி வேய்ந்து தப்புப் பண்ணினேன். அதே வேய்ச்சல்தான் உனக்கும், அங்கே என்னை யாரும் பிரிக்கச் சொல்லமாட்டார்கள்.

மூவரும் நோய்நொடியில்லாமல் தீர்க்காயுசாக இருக்க வேண்டிக்கொள்ளும்,
உன் அப்பா
ச. நல்லையா

அம்மா பக்கத்தில் நின்று எழுதச் சொல்வது: குழந்தை படுக்கிற இடத்துக்கு மேலே முதலில் வேயவேண்டுமாம்.