மார்கழியில் கிடைத்த ஆட்கள்

அண்ணே, நேற்று விழுப்புரத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். வாசலில் நின்ற பெண் பன்னீர்ச் சொம்பை ஒரு உலுக்கு உலுக்கினாள். முகத்தில் நாலு சொட்டு விழுந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் பாவம், ஏதோ தப்பு செய்துவிட்டோமோ என்று விழித்தாள். மதராஸ் புரொபசர் ஒருவர் என் வீட்டு வாசலில் மூக்குக்கண்ணாடி நனைந்து நின்ற கதை அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்த நீங்களும் இப்போது இல்லை.

அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம் அது. செஞ்சிக் கோட்டைக்குப் போகிற ரோட்டில், எங்கள் வீட்டின் நாலு அறைகளுக்கு வெள்ளையடித்து, ‘தங்க இடம், காலை டிபன் உண்டு’ என்று பலகை மாட்டியிருந்தேன். ரயில்வேயில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் மாதம் ஒருமுறை வந்து பலகையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார். அவருடைய அண்ணன், நாங்கள் பெரியவர் என்று கூப்பிடுகிறவர், சிரிக்கவில்லை. அந்த அறைகளில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை அடுக்க வேண்டும் என்பது அவர் திட்டம். “இந்த ஒரு சீசன் பாரும்மா. சரிப்படலேன்னா பொங்கலுக்கு அப்புறம் மூட்டய எறக்கிடுவேன்” என்று சொல்லிவிட்டார். அதுவரை நான் இன்னாருடைய மகள், இன்னாருடைய பெண்டாட்டி. நானாக ஆரம்பித்த ஒரே காரியம் அந்தப் பலகைதான். அதைக் கழற்ற விட எனக்கு மனசில்லை.

கோட்டை ஏற ஆட்கள் வருவது குளிர்காலத்தில்தான். மற்ற மாதங்களில் அந்தப் பாறையில் அப்பளம் பொரிக்கலாம். ஆனால் அதே மார்கழியில்தான் வல்லம் பக்கம் நெல் அறுப்பும் தொடங்கும். சமையலுக்கும் பெருக்கித் துடைக்கவும் நான் பேசி வைத்திருந்த இரண்டு பெண்களும் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து தலையைச் சொறிந்தார்கள். “அறுப்புக்குப் போனா கூலி நெல்லாக் குடுப்பாங்கம்மா. வருசத்துச் சோறு. கோவிச்சுக்காதீங்க” என்றார்கள். கோபித்துக்கொண்டேன். கோபித்து என்ன பயன்? வெள்ளிக்கிழமை காலை ஒரு புரொபசரும் எட்டு மாணவர்களும் வருவதாகக் கடிதம் வந்து கிடந்தது.

தண்ணீர் பிடிக்க ஓர் அண்டா வாடகைக்குக் கேட்கத்தான் உங்கள் பாத்திரக்கடைக்கு வந்தேன். ரம்ஜான் நோன்பு மாதம். வாடிய முகத்தோடு கவிழ்த்துப்போட்ட அண்டாக்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தீர்கள்.

“இன்னா தங்கச்சி, மூஞ்சி இப்டி இருக்குது?”

“வேலைக்கு ஆளே கெடைக்கல அண்ணே. எல்லாரும் அறுப்புக்குப் போய்ட்டாங்க.”

“நீ வேல இருக்கிறவங்களாப் பாத்துப் போய்க் கூப்புடுற. சும்மா இருக்கிறவன் எவன்னு பாரு. மார்கழியில யாரு கல்யாணம் வெப்பாங்க? என் அண்டாவப் பாரு, எல்லாம் கவுந்து கெடக்குது. கல்யாண சமையல்காரன், பந்தி பரிமாறுறவன் எல்லாம் வூட்ல ஒக்காந்து கூரையப் பாத்துனு இருக்கான். நான் இட்டாறேன் போ.”

சொன்னபடி வெள்ளிக்கிழமை விடியலில் சமையல்காரர் கோவிந்தனையும் பரிமாறுகிற இரண்டு பேரையும் கூட்டி வந்தீர்கள். சுத்தமான வேட்டி, தோளில் துண்டு, நல்ல வேலைக்காரர்கள். ஒன்றைத்தான் நீங்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வருகிறவர்கள் கல்யாணத்துக்கு வரவில்லை என்பதை.

புரொபசர் வாசலில் கால் வைத்ததும் ஒருவன் பன்னீரை அடித்தான். இன்னொருவன் சந்தனக் கிண்ணத்தை நீட்டினான். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “யாருக்கும்மா கல்யாணம்?” என்று என்னைக் கேட்டார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. சமையலறைக்கு ஓடினேன். அங்கே ஒன்பது பேருக்கு ஓர் அண்டா உப்புமா. இன்னோர் அண்டாவில் கேசரி.

“என்னய்யா இது?”

“நூறு பேருக்குக் கொறஞ்சா எனக்கு உப்புத் திட்டம் வராதும்மா” என்றார் கோவிந்தன், கரண்டியும் கையுமாக. உங்களைப் பார்த்தேன். நோன்பு வாயைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அந்த நிமிஷம் உங்கள் மேல் வந்த ஆத்திரத்தை இப்போது சொல்லிவிடுகிறேன். அண்டாவோடு உங்களையும் சேர்த்து வெளியே தள்ளியிருப்பேன்.

அந்த நேரம் பார்த்துத்தானா பெரியவர் வர வேண்டும்! அறையில் எத்தனை மூட்டை கொள்ளும் என்று அளக்க முழக்கயிற்றோடு வந்தவரை, பந்திக்காரன் வாய் திறக்க விடவில்லை. “வாங்க சம்பந்தி, மொதப் பந்தியிலயே ஒக்காந்துடுங்க” என்று கையைப் பிடித்து இலை முன்னால் உட்கார வைத்துவிட்டான். சம்பந்தி மரியாதை என்றால் பெரியவர் உருகிவிடுவார். மூன்று தடவை கேசரி வாங்கினார். மாணவர்கள் போதும் போதும் என்று இலையை மறைத்தும் விடவில்லை. கல்யாண வீட்டில் போதும் என்ற சொல்லுக்கு இன்னும் ஒரு கரண்டி என்றுதானே அர்த்தம்.

தின்ற தீனியில் ராஜா கோட்டையைப் பாதி ஏறுவதற்குள் ஒன்பது பேரும் பாறை நிழலில் படுத்துவிட்டார்கள். மறுநாளும் அப்படியே. மூன்று நாள் தங்க வந்தவர்கள், உச்சியைப் பார்க்காமல் போவதில்லை என்று ஐந்து நாள் தங்கினார்கள். முதல் நாள் மிஞ்சிய உப்புமாவை நீங்கள் வண்டியில் ஏற்றி அறுப்பு நடக்கிற வயலுக்கே கொண்டுபோனீர்கள். என்னை விட்டுப் போன இரண்டு பெண்களும் வெட்கப்பட்டுக்கொண்டே வாங்கித் தின்றார்களாம். பெரியவர் அதற்குப் பிறகு மூட்டைப் பேச்சை எடுக்கவே இல்லை.

ஒன்பது பேருக்குச் சமைக்கக் கோவிந்தனுக்கு நீங்கள் சொன்ன வழியும் நினைவிருக்கிறது. “கல்யாணம் முடிஞ்சி எல்லாரும் போய்ட்டாங்க. மறுநா காலைல வூட்டு ஆளுங்களுக்கு மட்டும் டிபன். அப்டி நெனச்சிக்க.” அதன் பிறகு உப்பும் சரி, அளவும் சரி. பதினோரு மார்கழி அவர்கள் எனக்கு வேலை செய்தார்கள். ஒரு நாளும் சொல்லாமல் நின்றதில்லை.

நீங்கள் போனது ஓர் ஆவணி மாதம். நல்ல முகூர்த்த நாள். சேதி கேட்டு ஓடி வந்தபோது, உங்கள் கடையில் ஓர் அண்டாகூட இல்லை, எல்லாம் வாடகைக்குப் போயிருந்தன. அண்ணனைத் தூக்க இன்றைக்கு யார் வருவார்கள் என்று அழுதுகொண்டே நின்றேன். மதியத்துக்குள் ஒவ்வொருவராக வந்தார்கள். கையில் காயாத மாவோடு, தோளில் பந்தித் துண்டோடு. கோவிந்தன் கொதிக்கிற சாம்பாரை உதவியாளிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். அன்றைக்குச் செஞ்சியில் மூன்று கல்யாணங்களில் பந்தி தாமதம்.

“முகூர்த்தத்துல வந்துட்டீங்களே, பேச்சு வாங்குவீங்களே” என்றேன்.

“வேல இருக்கறப்ப எல்லாருந்தாம்மா தேடி வருவாங்க. இல்லாதப்பத் தேடி வந்தது பாய் ஒருத்தர்தான்” என்றார் கோவிந்தன்.

ஆள் பிடிக்கிற சாமர்த்தியத்தைத்தான் உங்களிடம் கற்றேன் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன், அண்ணே. விடுதியை மூடி எத்தனையோ வருஷமாகிவிட்டது, ஆள் யாரும் எனக்கு வேண்டியதில்லை. ஆனாலும் மார்கழி பிறந்தால் கோவிந்தன் வீட்டுக்கு ஒருநாள் போய், ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டு வருகிறேன்.