இரண்டு ஸ்டெப்னி

டாரா,

அன்று முதலில் கத்தியது யார் என்று சரியாக நினைவில்லை. நான்தான் என்று வைத்துக்கொள்.

உன் சாமான்களை ஏற்றிப்போக பிக்கப் வண்டி கேட்டாய். சாவி அடுப்பு மேடையில். பெரிய டயருக்காக நாம் மாற்றிய முன் ஆக்சிலில் சக்கரத்துக்கு எட்டு போல்ட். பின்னால் இன்னும் பழைய ஆறுதான். ஒன்றின் சக்கரம் மற்றதில் பொருந்தாது. அதனால் இரண்டு ஸ்டெப்னி வைத்திருக்கிறேன், இரண்டில் எதையும் இறக்காதே.

"நான் இல்லாம பின் ஆக்சில்ல கை வெச்சீங்க, கொன்னுடுவேன்பா" என்றாய், முன் ஆக்சிலை மாற்றிய அன்று. அந்த வாரமே சண்டை. கை வைக்கவில்லை. பின்னால் போட வாங்கிய புது ஆக்சில் மூன்று வருடமாக ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது.

சுரங்கத்திலிருந்து வியாழன் மாலை வருவேன். அதுவரை இருப்பாயா?

மான்கறி சூப் ஃப்ரிட்ஜில்.

– அப்பா

பி.கு.: நாய் மார்ச்சில் செத்துப்போனது. பெரியப்பா அரிசோனா போய்விட்டார். நான் இங்கேயேதான் இருக்கிறேன்.