ஈரலில் விழுந்த வெளிச்சம்

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

போன் போட்டால் நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். எங்கள் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வரும் ஸ்கேன் படங்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். இன்று ஒரு படத்தில் தோள்பட்டையில் ஒரு ஸ்க்ரூ தெரிந்தது. உன் பழைய விபத்தில் டாக்டர் கோணலாக முடுக்கிய அதே ஸ்க்ரூ. 

எனக்குச் சொல்லாமல் எங்கள் புது மருந்துச் சோதனையில் சேர்ந்துவிட்டாயா? புற்றுநோய்க்குப் போட்டுவந்த பழைய மருந்தை நிறுத்திவிட்டாயா? உண்மையைச் சொல். வெள்ளிக்கிழமை அந்தப் படத்துக்கு நான்தான் முடிவு எழுத வேண்டும்.

உன் தம்பி

மார்ச் 5

என் தங்கத் தம்பிக்கு,

ஆமாம், நானேதான். சொன்னால் குதிப்பாய் என்று சொல்லவில்லை. பழைய மருந்து நுரையீரல் கட்டியைச் சுருக்கியது வாஸ்தவம். கால் விரல்களையும் அல்லவா மரத்துப்போகச் செய்துவிட்டது! கிளச்சை மிதித்தேனா இல்லையா என்றே தெரியவில்லை. கார் ஓட்டப் பழக வந்த பெண்ணே, "மேடம், நீங்க இறங்குங்க, நான் ஓட்டுறேன்"னு சொல்லிட்டா. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவளுக்கு இதைவிட மானக்கேடு உண்டா?

நீதானே சொன்னாய்? "நம்ம செல்கள் ரத்தத்துல விடுற நுண்குமிழிகளையே எடுத்து, கட்டியோட விலாசத்தை ஒட்டி, மருந்தை ஏத்தி அனுப்புவோம்க்கா. மத்த இடத்தைத் தொடாது." அதை நம்பித்தான் சேர்ந்தேன். முதலில் மருந்துக்குப் பதிலாகப் படத்தில் ஒளிரும் சாயம் ஏற்றிய குமிழிகளை விட்டுப் படம் எடுத்தார்கள். கட்டி ஒளிர்ந்தால்தான் மருந்தாம். மங்கலாக இருந்தாலும் "ஒளிர்கிறது" என்று ஒரு வார்த்தை எழுதிவிடேன். உனக்காக நான் அப்பாவிடம் சொல்லாத பொய்யா!

அக்கா

மார்ச் 9

அக்கா,

மங்கல்கூட இல்லை. கட்டி இருக்கும் இடம் கும்மிருட்டு. குமிழிகள் மொத்தமும் கல்லீரலில் போய் உட்கார்ந்திருக்கின்றன, ஈரல்தான் பளிச்சென்று தெரிகிறது. நாங்கள் ஒட்டிய விலாசம் உன் கட்டிக்குப் பொருந்தவில்லை. நான் பொய் எழுதினால் அந்த மருந்து உன் ஈரலைத்தான் தின்னும்.

"ஒளிர்கிறது" என்று டைப் அடித்தேன், அக்கா. அழித்தேன். பிறகு தலைமை டாக்டரிடம் போய், "அது என் அக்கா சார், நான் பார்த்திருக்கவே கூடாது"ன்னு சொல்லிட்டேன். வேறொருவரைப் பார்க்கச் சொன்னார். அவரும் கட்டி ஒளிரவில்லை என்றுதான் எழுதினார். உன்னைச் சோதனையிலிருந்து நீக்கிவிட்டார்கள். உன்னை அடையாளம் கண்ட அன்றே சொல்லாததற்காக என்னையும் வேலையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள்.

உன் காலில் விழுந்து கேட்கிறேன், பழைய மருந்துக்கே போ. அளவைக் குறைத்துத் தரமுடியுமா என்று கேள். தள்ளிப்போடாதே, கட்டி சும்மா இருக்காது.

உன் தம்பி

மார்ச் 20

படம் பார்க்கும் ஐயா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கூடப்பிறந்தவனே கழுத்தறுத்துவிட்டான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பினேன். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். கார் பழக வந்த அந்தப் பெண் மட்டும், "ஈரல் போனா என்ன மேடம் பண்ணுவீங்க?"ன்னு கேட்டா. அன்றைக்கே என் பழைய டாக்டருக்குப் போன் போட்டேன்.

நேற்று பழைய மருந்தை ஏற்றிக்கொண்டேன். அளவைக் குறைத்திருக்கிறார்கள். கால் தேறும் என்று யாரும் சொல்லவில்லை. ஸ்கூலை மூடிவிட்டேன். பெயர்ப்பலகையைக் கழற்றும்போது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன்.

உன்மேல் கோபம் தீரவில்லை, தீரும்போது தீரட்டும். அடுத்த வியாழன் மறுபடி ஏற்றுவார்கள். மருந்து ஏற்றும் அந்த நாற்காலியில் தனியாக உட்காரப் பயமாக இருக்கிறதடா. இப்போது நீயும் வெட்டியாகத்தானே இருக்கிறாய்? கிளம்பி வா. சமாதானம் எதுவும் சொல்லாதே, அறைந்துவிடுவேன். பக்கத்தில் உட்காரு, போதும்.

உன் அக்கா