லெஃப்ட் அவுட்டில் வேறொரு பெயர்

உன் இறப்புச் சான்றிதழை வாங்க நேற்று நான்தான் போனேன். உன் மகள் கேட்டுக்கொண்டாள். "மாமா, சர்க்கார் கச்சேரிக் காரியமெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும்" என்றாள். அலுவலகத்தில் இருந்த இளைஞன் தலையைத் தூக்காமலே படிவத்தை நிரப்பினான். "பிறந்த ஊர்?" என்று கேட்டான். "தேங்காப்பட்டணம்" என்றேன். அவன் ரப்பர் முத்திரையை ஊதா மையில் ஒற்றிக் காகிதத்தில் குத்தினான். அந்த மையின் வாசனை மூக்கில் ஏறியதும் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். முதுமை என்று நினைத்து அவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

உன்னைப் பற்றி ஒரு சர்க்கார் காகிதத்துக்கு அந்த ஊர்ப் பெயரை நான் சொல்வது இது இரண்டாவது தடவை. முதல் தடவை சொன்னபோது உனக்கு இருபத்துநாலு வயது. அது உன்னை என்ன செய்தது என்பது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்திருந்தது. இப்போது எனக்கு மட்டும்.

பள்ளிக்கூடத்தில் நாம் ஒரே பெஞ்சு. கணக்கையும் இங்கிலீஷையும் நான் எழுதுவேன், நீ பார்த்து எழுதுவாய். அதற்குக் கூலியாக, சாயங்காலம் ஆற்றுமுகத்து மணலில் உன் அணியில் என்னைச் சேர்த்துக்கொள்வாய். நான் எதற்கும் உதவாத ஆட்டக்காரன். ஆனால் பந்தை இடது காலால் தொட்டபடி நீ ஓடுவதை அவ்வளவு பக்கத்தில் நின்று பார்க்க எனக்கு வேறு வழி இருக்கவில்லை. மணல் உன் காலைப் பிடிக்காது. எங்களை மட்டும் பிடிக்கும்.

பதினாலு வயதில் உன் மாமா உன்னைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாப்பா இல்லாத வீடு, உம்மா மறுக்கவில்லை. கடையில் துணி மடிப்பதாக எழுதினாய். பிறகு துறைமுகத்து ஆட்களோடு பந்து விளையாடுவதாக எழுதினாய். ஒன்பது பத்து வருஷம் கழித்து ஒரு பத்திரிகைத் துண்டு வந்தது. படத்தில் பதினோரு பேர். உட்கார்ந்திருந்த வரிசையில் கடைசியில் நீ. சிலோன் அணிக்கு லெஃப்ட் அவுட், இடது ஓரத்தில் ஓடுகிறவன். அந்தத் துண்டை உன் உம்மாவுக்குக் காட்டியபோது, "எல்லாவனும் பூட்ஸு போட்டிருக்கான். எம் மவன் மட்டும் ஏம்ல வெறுங்காலா இருக்கான்?" என்று கவலைப்பட்டார்.

அந்த வருஷம் எனக்குப் பகுதிக் கச்சேரியில் வேலை கிடைத்தது. தற்காலிகக் குமாஸ்தா. சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஒருநாள் மேலிடத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. கொழும்பில் ஒருவர் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்திருக்கிறார், தான் பிறந்தது கொழும்பில் என்கிறார், அவருடைய குடும்பத்தின் பூர்வீகம் உங்கள் பகுதி என்று தெரிகிறது, இங்கே அவர் பிறப்பு பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லவும். கீழே உன் பெயர்.

எங்கள் கச்சேரியின் தலைவரான பார்வத்தியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார். "இது அந்தப் பந்து விளையாடுகவன்லா? நம்ம ஊருப் பயதானே?"

"ஆமா சாரே. என்கூடப் படிச்சவனாக்கும்."

"அப்போ நீயே பார்த்து உள்ளதை எழுதிரு. நான் ஒப்புப் போடுகேன்."

நான் எவ்வளவு உற்சாகமாகப் பதிவேட்டைத் தேடினேன் என்று உனக்குச் சொன்னதில்லை. செல்லரித்த ஏட்டில் உன் வாப்பா பெயர், வீட்டுப் பெயர், நீ பிறந்த நாள் எல்லாம் இருந்தது. கண்டுபிடித்ததும் கூவிவிட்டேன். வேறொரு நாட்டு அரசாங்கம் நம் கிராமத்துக்கு எழுதி உன்னைப் பற்றிக் கேட்கிறது! விண்ணப்பத்தில் நீ என்ன சொல்லியிருக்கிறாய் என்ற வரியை நான் படித்தேன். படித்தும் அது என் மண்டையில் ஏறவில்லை. என்னிடமுள்ள நல்ல பேனாவால், நல்ல இங்கிலீஷில் பதில் எழுதினேன். கேட்டதற்கு மேலாக ஒரு வரியும் சேர்த்தேன். இவர் இந்த ஊரின் மதிப்பான குடும்பத்தில் பிறந்தவர், பதினாலு வயதுவரை இங்கேதான் படித்தார் என்று. அந்த வரியை யாரும் கேட்கவில்லை. என் பெருமை எழுதிய வரி அது. பார்வத்தியார் கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தி, குழித்துறைத் தாலுகா கச்சேரிக்கு அனுப்பினேன்.

நான்கு நாள் கழித்து உன் கடிதம் வந்தது.

"மக்கா, அவசரமாக எழுதுகிறேன். இங்கே புதுச் சட்டம் வந்தபிறகு எங்களைப் போன்றவர்களைச் சலித்து எடுக்கிறார்கள். நான் கொழும்பில் பிறந்ததாக மாமா எழுதிக் கொடுத்திருக்கிறார். அங்கே ஏதாவது காகிதம் வந்தால் எப்படியாவது தட்டிக் கழித்துவிடு. ஏடு கறையான் தின்றுவிட்டது என்று சொன்னாலும் போதும். வந்ததா என்று உடனே எழுது."

கையில் கடிதத்தோடு கச்சேரிப் பின்புறத்துப் பலாமரத்தடியில் நின்றேன். என் பதில் அப்போது குழித்துறைக்குப் போய்ச் சேர்ந்து ஏதோ ஒரு மேசையில் கிடந்திருக்கும். பார்வத்தியார் நல்ல மனிதர். "சாரே, அதைத் திருப்பி வாங்கணும்" என்று நான் கேட்டிருந்தால் திட்டியிருப்பார், ஆனால் ஏதாவது செய்திருப்பார். நான் கேட்கவில்லை. என் வேலை நிரந்தரமாகவில்லை. அதுகூடப் போகட்டும். உனக்காவது உண்மையை எழுதியிருக்கலாம். போஸ்ட் கார்டை எடுத்து, "இங்கே அப்படி எதுவும் வரவில்லை. நீ நிம்மதியாக விளையாடு" என்று எழுதிப் போட்டேன்.

இரண்டு மாதம் நீ நிம்மதியாக விளையாடினாய்.

கொழும்பில் நான்கு நாட்டு அணிகள் மோதின. இந்தியாவோடு நடந்த ஆட்டத்தில் சிலோன் ஒரு கோல் பின்தங்கியிருந்தது. கடைசி நிமிஷங்களில் நீ போட்ட கோல் அதைச் சமமாக்கியது. எல்லா ஆட்டங்களும் முடிந்தபோது இந்தியாவும் சிலோனும் ஒரே புள்ளியில் நின்றன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு அணிகளும் மறுபடி மோதி முடிவு காண வேண்டும் என்றார்கள். உன்னால் வந்த ஆட்டம் அது. செய்தி வந்த அன்று ஊரில் சர்க்கரைப் பால் காய்ச்சி எல்லோருக்கும் கொடுத்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொப்பரை வியாபாரி வீட்டு முற்றத்தில் நிற்க இடமில்லை. அவரிடம்தான் பாட்டரி ரேடியோ இருந்தது. வலை இழுத்த கையோடு வந்தவர்கள், கயிறு திரிக்கிறவர்கள், பள்ளிவாசலிலிருந்து நேராக வந்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். எங்கள் பள்ளி வாத்தியார் மட்டும் சங்கடத்தோடு, "ஏம்பா, நாம இந்தியாவுக்குல்லா கைதட்டணும்? சொதந்திரம் கிட்டி எத்தன வருஷம் ஆச்சு?" என்றார்.

வியாபாரி அவரைத் திரும்பிப் பார்த்தார். "நம்ம பய அங்க நிக்கான் வாத்தியாரே. அவன் நிக்க பக்கந்தான் நம்ம பக்கம்."

முற்றம் முழுக்கச் சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். நானும் சிரித்தேன். ரேடியோ கரகரத்தது. சிலோன் அணியின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். கோல்கீப்பர், இரண்டு பேக், மூன்று ஹாஃப். முன்வரிசையில் நான்கு பெயர்கள் வந்தன. லெஃப்ட் அவுட் என்று சொல்லி, வேறொரு பெயரைச் சொன்னார்கள்.

யாருக்கும் புரியவில்லை. "தப்பாப் படிச்சிட்டான்" என்றார் ஒருவர். "காலுல அடி பட்டிருக்கும்" என்றார் இன்னொருவர். எனக்குப் புரிந்துவிட்டது. முற்றத்தில் அத்தனை பேர் நடுவில் எனக்கு மட்டும். பாதி ஆட்டத்துக்குள் கூட்டம் கலைந்துபோனது. இந்தியா ஒரு கோலில் ஜெயித்ததை நாலைந்து பேர்தான் கேட்டோம். யாரும் கைதட்டவில்லை.

உன் உம்மா வாசலில் வழி மறித்தார். "எம் மவன் பேரை ஏம்ல சொல்லல?"

"கால் சுளுக்கா இருக்கும் உம்மா" என்றேன். அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

ஐந்து மாதம் கழித்துத் தூத்துக்குடியில் கப்பல் இறங்கி வந்தாய். ஒரு தகரப் பெட்டி மட்டும் இருந்தது. கடற்கரையில் உட்கார்ந்து நீ எல்லாவற்றையும் சொன்னாய். ஆட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம், சட்டையைக் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னார்களாம். நீ அதைப் போட்டுக்கொண்டு நிற்கையிலேயே உள்ளே கூப்பிட்டு மேசையில் ஒரு காகிதத்தை வைத்தார்களாம். பொய் சொல்லி விண்ணப்பித்தவன் என்றார்களாம். சட்டையை அங்கேயே கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தாயாம்.

"யாரு எழுதின காகிதம்?" என்று கேட்டேன்.

நீ கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "யாரோ ஒரு கிளார்க்கு" என்றாய்.

உனக்குத் தெரியாது என்று நான் நம்பினேன். நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

திருவனந்தபுரத்தில் பந்தாட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு உன்னைக் கூட்டிப் போனேன். அன்று நீ நன்றாகவே ஓடினாய். இதற்கு முன் எங்கே விளையாடினாய் என்று கேட்டார்கள். நீ மறைக்கவில்லை. இந்தியாவுக்கு எதிராகக் கோல் போட்டதையும் சொன்னாய். கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சிலோன்காரனை எடுத்துட்டு இங்க உள்ள பையன்மாரை எங்க கொண்டு விட?" என்று ஒருவர் சொன்னது நம் காதில் விழுந்தது. பஸ்ஸில் திரும்பினோம். மார்த்தாண்டத்தில் இறங்கியதும், "சிலோன்ல என்னை இந்தியாக்காரன்னு தள்ளினான். இவன் சிலோன்காரன்னு தள்ளுகான்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாய்.

அடுத்த வருஷம், அதுவரை திருவனந்தபுரத்துக்குக் கீழ் இருந்த நம் தாலுகாக்கள் மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்தன. ஊரெல்லாம் கொடி, வெடி. கச்சேரியில் பலகையை மாற்றினார்கள். நான் நிரந்தரமானேன். அந்தச் சந்தோஷத்தில் உன்னைத் தேடி வந்தேன். நீ கயிறு திரிக்கத் தேங்காய்த் தொண்டு ஊறப்போட்ட குழியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தாய். "இப்ப நான் எந்த ஊருக்காரனாக்கும்? உங்க கச்சேரியில பார்த்துச் சொல்லு" என்றாய். நான் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டேன்.

அதன்பின் நீ பந்தைக் காலால் தொட்டு நான் பார்த்ததில்லை. ஒருமுறை மணலில் விளையாடிக்கொண்டிருந்தவர்களின் பந்து உருண்டு உன் காலடியில் வந்து நின்றது. இடது கால் லேசாக அசைந்தது. நீ குனிந்து இரண்டு கையாலும் பந்தை எடுத்து, நடந்து போய் அவர்களிடம் கொடுத்துவிட்டு வந்தாய். நாற்பது வருஷம் நாம் ஒன்றாகத் தேநீர் குடித்தோம். உன் நிக்காஹ் அன்று உன் பக்கத்தில் நின்றேன். என் மகன் கல்யாணத்துக்கு முதல் ஆளாக நீ வந்தாய். அந்தக் காகிதத்தைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசவில்லை.

போன மாதம் உனக்கு மூச்சு முட்டத் தொடங்கியபோது வந்தேன். இனிமேல் வைத்திருக்க முடியாது என்று தோன்றியது. "மக்கா, அந்தக் காகிதம்…" என்று ஆரம்பித்தேன். நீ கையைத் தூக்கி நிறுத்தினாய்.

"தெரியும். மேசையில வச்சதுமே தெரிஞ்சிட்டு. உன் எழுத்தைப் பார்த்து எத்தன வருஷம் எழுதியிருக்கேன்? அந்நேரம் என்ன தோணிச்சு தெரியுமா? ஊருல இருந்து லெட்டர் வந்திருக்குன்னு ஒரு சந்தோஷம். படிக்குமுந்தி."

நான் அழுதேன். நீ அழவில்லை. இடையிடையே மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னாய்.

"அத எழுதினதுக்கு உன்னைக் கொறை சொல்லமாட்டேன். நான் பொறந்தது இங்கதானே. ஆனா அதுல தேதி இருந்துது. உன் கார்டு என் பையில இருந்துது, அதுலயும் தேதி இருந்துது. கார்டுதான் பிந்தி. வந்துட்டு, பதில் போயிட்டுன்னு ஒரு வரி போட்டிருந்தா நான் நேரா போயி உள்ளதைச் சொல்லியிருப்பேன். ரெண்டு மாசம் இருந்துது. அந்தக் கார்டை எதுக்குலே எழுதின?"

நீ காத்திருந்தாய். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிஜமாகவே காத்திருந்தாய். அதற்குள் உன் மகள் கஞ்சியோடு வந்தாள். "மாமாவுக்கும் கொஞ்சம் கொண்டு வா" என்றாய். நான் குடித்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு பத்து நாள் நீ உயிரோடு இருந்தாய். இரண்டு முறை என்னைக் கேட்டு ஆள் அனுப்பினாய். முதுகு வலி என்று சொல்லி அனுப்பினேன்.

இப்போது தினமும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பார்க்கிறேன். வேலை, வயது, நீ மனம் உடைந்துவிடுவாய் என்ற எண்ணம், இப்படி ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். சொல்லும்போதே நீ என் முகத்தைப் பார்ப்பது தெரிகிறது, நிறுத்திவிடுகிறேன். பதில் ஒரு சொல்தான் மக்கா. பயந்தேன். நீ என்னை வெறுத்துவிடுவாய் என்று பயந்தேன். உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் அரை மைல். அந்தப் பத்து நாளில் ஒரு நாள் நடந்து வந்து இதைச் சொல்லியிருக்கலாம். அப்போதும் பயந்துதான் வரவில்லை.