இருபது கிலோ வரைதான்

என்னங்க,

"வெயிட் தூக்கினா பொண்ணு குள்ளமாவே நின்னுடுவா, நிறுத்து" என்று போனில் கத்தினீர்களே, நிறுத்தவில்லை. நிறுத்தவும் மாட்டேன்.

பதினான்கு வயதுக்காரி என்று பயிற்சியாளர் மூன்று மாதம் எடை மாட்டாத வெறும் கம்பைத்தான் கொடுத்தார். டாக்டரிடமும் கேட்டேன், முறையாகத் தூக்கினால் பயமில்லையாம். நான் எதற்கு டாக்டரிடம் போனேன் என்பது இருக்கட்டும். இந்த வருடம் மட்டும் அவளுடைய பள்ளிப் பேன்ட்டின் மடிப்பை இரண்டு தடவை பிரித்துவிட்டேன். குள்ளமாம், குள்ளம்!

செவ்வாய்க்கிழமை குளியலறையில் கால் மறுபடி மரத்துப்போய் விழுந்துவிட்டேன். "பேசாம என் கழுத்தைப் பிடிச்சுக்கம்மா" என்று சொல்லி, முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, என்னைத் தூக்கி நிறுத்தினாள்.

பயிற்சியாளர் அவளுக்கு இருபது கிலோவுக்கு மேல் தருவதில்லை. நான் அறுபத்திரண்டு கிலோ. நிறுத்த வேண்டுமென்றால் அவள் என்னைத் தூக்குவதை நிறுத்துங்கள், நேரில் வந்து.

உங்கள் மகளின் அம்மா