சாம்பியனை வீழ்த்தியவர்

ஞாயிறு, இரவு

தியாகதுருகம் பஸ் நிறுத்தத்தில் புது ஜிம் ஒன்றின் திறப்புவிழா பேனர் கட்டியிருந்தார்கள். அதில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பவன், என் கடைசிக் குத்துச்சண்டையில் என்னை வீழ்த்திய பையன். அவன் காலடியில் குப்புறக் கிடப்பது நான். முகம் தெரியவில்லை. என் மனைவி செல்விதான் கண்டுபிடித்தாள். "இன்னாங்க, அது நான் தெச்ச டவுசராச்சே?"

'மாநிலச் சாம்பியனை வீழ்த்தியவர்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. நான் பட்டம் வென்ற வருடங்களில் எனக்கென்று ஒரு பேனர்கூட யாரும் வைத்ததில்லை.

பக்கத்தில் நின்ற ஒருவர் என்னிடமே கேட்டார். "கீழ கெடக்குறது யாருங்க?"

"தெரியலிங்க" என்றேன். பஸ் வந்தது, ஏறிவிட்டோம். கோபம் வரவில்லை. எதுவுமே வரவில்லை.

வீட்டில் சோறு போடும்போது செல்வி சொன்னாள். "முன்னாள்னு போடலியே, பாத்தீங்களா? சாம்பியன்னுதான் போட்டுருக்கான்."

'முன்னாள்' என்று எப்படிப் போடுவான்? அவனிடம் தோற்பதற்கு முன்பே நான் வரிசையாகத் தோற்று, பட்டமும் போயிருந்தது. அதைச் சொன்னால் அவன் ஜெயித்ததற்கு மதிப்பில்லை. எங்கள் தெருவில் நான் 'தோத்த ஆளு'. இந்த ஜில்லாவிலேயே என்னை இன்னும் சாம்பியன் என்று சொல்கிறவன் அவன் ஒருவன்தான்.