மூன்று தட்டு

முதல் நாள், காலை 6.10
கடல் மேடை ஏழு. வெப்பம் 39. அலை குறைவு.
இதை எடுப்பவருக்கு: என் பெயர் இருளாயி. வயது பதினாறு. எட்டாவதோடு நின்றவள். மேடையில் நான் மட்டும்தான். அறுபது மீட்டர் கீழே, இரும்பு அறையில் தங்கிக் குழாய் பதிப்பவர்கள் மூன்று பேர்: அப்பா, வெள்ளைச்சாமி சித்தப்பா, நாகூர்கனி மாமா. அந்த அழுத்தத்துக்கு உடம்பு பழகிவிட்டதால் மேலே வர ஐந்து நாள் ஆகும். அவசரப்பட்டால் உயிர் போகும்.
அப்பா சொல்கிற அளவுக்கு நான் காற்று வால்வைத் திறக்க வேண்டும். அவர் பேச்சு கடலுக்குள் இறங்கும் ஒரு கம்பி வழியாக லேப்டாப்புக்கு வரும். கடலில் அது விட்டு விட்டுத்தான் கேட்கும். “விட்டுப்போன வார்த்தையை இதுவே நிரப்பிக்கும்மா” என்று கம்பெனிக்காரர் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.
தினமும் காலையில் கீழிருந்து காற்றுக்குழாயில் தலைக்கு ஒரு முறை தட்டுவார்கள். லேப்டாப் வருவதற்கு முந்தைய வழக்கம். அப்பா இன்னும் விடவில்லை. மூன்று தட்டு கேட்டேன். சரி.
அப்பா: “கழுதை, கருவாட்டை நீயே காலி பண்ணிறாத. எங்களுக்கும் இறக்கு.”

முதல் நாள், பகல் 11.20
பெரிய அலை ஒன்று. கயிறுகள் இழுபட்டன. பேச்சு ஒரு நொடி நின்று, திரும்ப வந்தது.

முதல் நாள், பகல் 1.40
லேப்டாப் 98 டிகிரிக்குப் போய்த் தானாக அணைந்தது. இதுவரை அப்படி ஆனதில்லை. ஆயுத பூஜைக்கு அப்பா வைத்த சந்தனம் காற்றுத் துளைகளில் காய்ந்து அடைத்திருந்தது. ஹேர்பின்னால் சுரண்டினேன். இருபது நிமிடத்தில் ஆறி, தானாகவே ஓடத் தொடங்கியது.
அப்பா: “காத்து அதிகமா வருது, பாப்பா. பாதி போதும்.”
வால்வைப் பாதியாக்கினேன்.

இரண்டாம் நாள், காலை 7.05
அப்பா: “மூணு பேரும் நல்லா இருக்கோம்.”
ஆனால் குழாயில் விடாமல் தட்டும் சத்தம். தயங்கித்தான் கேட்டேன்.
அப்பா: “அலைதான், பாப்பா. ஒரு சாக்கைச் சுத்திரு.”
சுற்றினேன். சத்தம் அடங்கியது.

இரண்டாம் நாள், மாலை 4.30
லேப்டாப் மூன்று முறை அணைந்தது. இரண்டு டம்ளர் மேல் தூக்கி வைத்தேன். அடியில் ஈரத்துண்டு, பக்கத்தில் விசிறி. பயனில்லை. கரையில் இருக்கும் கம்பெனி ஆபீசுக்குச் சொல்லலாம். போன முறை வயர்லெஸில் நான் திக்கியதும் சிரித்தார்கள். நாளை பார்க்கலாம்.

மூன்றாம் நாள், பகல் 12.15
அப்பா பேசாதபோது 61 டிகிரி. பேசும்போது 95. பேச்சு நீண்டால் அணைகிறது. சந்தனம் காரணமில்லை.
எது இவ்வளவு வேலை செய்கிறது என்று திரையில் தேடினேன். வார்த்தை நிரப்பும் புரோகிராம் ஒன்றுதான்.
இரண்டு நாளாக அப்பா என்னைக் கழுதை என்று சொல்லவில்லை.
பேச்சுக் கம்பியை இழுத்தேன். கனமே இல்லை. பத்து மீட்டரில் அறுந்த முனை வந்துவிட்டது.

12.25
வால்வை முழுதும் திறந்துவிட்டேன். லேப்டாப்பை நானே அணைத்தேன். கரையைக் கூப்பிட்டேன். இந்த முறை திக்கியும் நிறுத்தவில்லை.
கரை: “ஏழா? உங்கப்பா இப்பதானம்மா பேசுனாரு. லேப்டாப் வழியா எங்களுக்கும் கேக்குதுல்ல. நல்லாத்தான் இருக்காங்க. வெயில்ல உனக்குத்தான் தலை சுத்துது.”
நான்: “அது அப்பா இல்ல சார்.”
கரை: “சரி சரி. வியாழக்கிழமை படகு வரும், அப்ப பாப்போம்.”
இன்று திங்கள்.

12.40
சாக்கை அவிழ்த்தேன். குழாயில் காது வைத்தேன். வெறும் தண்ணீர்ச் சத்தம்.
ஸ்பானரால் மூன்று முறை தட்டினேன். திரும்பவும் மூன்று.

12.52
ஒரு தட்டு.
காத்திருந்தேன். அடுத்த தட்டு வரவில்லை. மறுபடி தட்டினேன். மறுபடியும் ஒன்றுதான்.
யார் என்று தட்டில் தெரியாது.

12.58
லேப்டாப் நான் அணைத்ததுதான். சூடு ஆறியதும் தானாக ஓடுகிறது. விசிறி சுற்றுகிறது. 70. 82. 91.
அப்பா: “மூணு பேரும் நல்லா இருக்கோம், பாப்பா. காத்து போதும். வால்வை மூடிரு.”